வசந்தாமணியின் தட்டு

ஜூன் 7, சனி

காலையில் கடை திறக்கவில்லை. வசந்தாமணியை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தாக வேண்டும். ஆனால் இப்போது எடுக்க முடியாதாம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பதரையில் நிற்கிறது.

"எட்டுக்குக் கீழ கொண்டு வாங்க, அப்பறம் கத்தி வெக்கறேன். ரத்தப்போக்குக்கு மாத்திரை தர்றேன், ஆனா இதை ரொம்ப நாளைக்குத் தள்ள முடியாது" என்றார் டாக்டரம்மா. சாப்பாட்டை அடியோடு மாற்றச் சொன்னார். செப்டம்பரில் மறுபடி டெஸ்ட். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்கள் சமாச்சாரத்தில் ஆண்பிள்ளை என்னத்தைப் பேசுவது?

வரும் வழியில் நல்ல பசி. மெஸ்ஸில் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். வசந்தாவுக்குப் பசிக்கவில்லையாம், வண்டி பக்கத்திலேயே நின்றுகொண்டாள். மத்தியானம் கடை திறந்தேன், பம்புசெட் மோட்டார் காயில் இரண்டு விற்றது.

ஜூன் 9, திங்கள்

மகள் கீர்த்தனா கோயமுத்தூரிலிருந்து போன் பண்ணி, அம்மாவை ஏதோ வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறாள். ‘நம்ம தட்டு’ என்று பெயர். நூற்றைம்பது பேர் இருக்கிறார்கள். கீர்த்தனாவின் மாமியார்கூட அதில்தான் எடை குறைத்தாராம். நடத்துவது நவநீதன் என்று ஒருவன். சாப்பாட்டுப் படிப்பு படித்தவனாம், ஈரோட்டில் ஆபீஸ். மூன்று வேளையும் சாப்பிடுவதற்கு முன் தட்டைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும், அவன் பார்த்துச் சொல்வான். மூன்று மாதத்துக்குள் இனிப்பைத் தொட்டால் குழுவிலிருந்து வெளியே.

தட்டைப் போட்டோ எடுப்பதாம்! நன்றாயிருக்கிறது கூத்து.

ஜூன் 13, வெள்ளி

சாப்பிட உட்கார்ந்தால் சாமி கும்பிடுவாள் என்று பார்த்தால் போனைத் தூக்கிப் பிடிக்கிறாள். ஒரு கரண்டி சோறு, பாதித் தட்டுக்குப் பீன்ஸ் பொரியல், கொள்ளுப் பருப்பு, ஓரம் பிய்ந்த ஆம்லெட். இதில் படம் பிடிக்க என்ன இருக்கிறது?

உடனே ‘டிங்’ என்று பதில். "சூப்பருங்க்கா! காய் இன்னும் கொஞ்சம் சேத்துக்கலாம்." அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

நானும் இருபத்தாறு வருஷமாக அவள் சமையலைச் சாப்பிடுகிறேன். சூப்பர் என்று சொன்னதில்லைதான். இரண்டாம் தடவை வாங்கிப் போட்டுக்கொண்டால் நன்றாயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதைப் புரிந்துகொள்ள வேண்டாமா?

ஜூன் 24, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாடு ஹாட்பாக்ஸில். அவள் ஆறரைக்கே சாப்பிட்டு முடித்துவிட்டாளாம். குழுவின் சட்டமாம்.

ஜூலை 2, புதன்

இன்றும் ஹாட்பாக்ஸ். கடை மூடி வந்து, நானே தட்டெடுத்து, நானே போட்டுக்கொண்டு, நானே எழுந்து சாம்பாரைத் தேடி... கொள்ளு ரசத்தைச் சாம்பார் என்று நினைத்து ஊற்றிவிட்டேன். அவள் எதிரே நாற்காலியில்தான் இருந்தாள். போனில் யாரோ சுண்டல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தனியாச் சாப்புட என்னமோ மாதிரி இருக்குது" என்றேன்.

"பழகிருமுங்க" என்றாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு அப்பளம் கூடுதலாகத் தின்றேன்.

ஜூலை 9, புதன்

அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். கட்டிய பெண்டாட்டியின் போன், பார்த்தால் என்ன? குழுவில் வருவது போக, அந்த நவநீதன் தனியாகவும் அனுப்புகிறான்.

"அக்கா, ராத்திரி தூங்குனீங்களா? வயித்து வலி எப்படி இருக்குது?"

"முந்தாநாள் ரொம்பத் தம்பி. விடிய விடிய உக்காந்துட்டே இருந்தேன். இன்னைக்குப் பரவாயில்ல."

முந்தாநாள் நான் அதே கட்டிலில்தானே படுத்திருந்தேன்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! எவனோ ஈரோட்டுக்காரனிடம் சொல்லத் தெரிகிறது. நீங்க கேட்டாத்தானே என்பாள். கேட்கவில்லைதான். வலித்தால் முகத்தில் தெரியாதா, நான் பார்க்க மாட்டேனா?

அவன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். ஏதாவது ஏடாகூடமாகக் கூப்பிட்டிருந்தால் நேரே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். அக்கா என்று கூப்பிடுகிறவனை என்ன செய்வது? பெயரைப் பார், நவநீதன். வெண்ணெய்!

ஜூலை 14, திங்கள்

நாமும் சொல்லிப் பார்ப்போமே என்று, "அரிசியும் பருப்பும் சாதத்துல இன்னைக்கு உப்பு அளவா இருக்குது" என்றேன். வசந்தா பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?"

இனிமேல் வாயைத் திறப்பேனா!

ஜூலை 19, சனி

குழுவில் ‘இந்த வாரத் தட்டு’ என்று அவள் தட்டைப் போட்டு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறான். முட்டைக்கோஸ் பொரியலுக்கு நட்சத்திரம்! நூற்றைம்பது பேர் கைதட்டுகிறார்கள். சம்பந்தியம்மா பூங்கொத்துப் படம் அனுப்பியிருக்கிறார்.

சமையலறையிலிருந்து பாட்டு முணுமுணுக்கும் சத்தம் கேட்கிறது. நகைப் பெட்டிக்கு அடியில் கிடந்த பழைய ரவிக்கைகள் கொடியில் காய்கின்றன, இப்போது அவை உடம்புக்குச் சேருகின்றனவாம். நல்ல விஷயம்தான். டாக்டரம்மாவும் சந்தோஷப்படுவார். எனக்கு மட்டும் வயிற்றுக்குள் யாரோ மிளகாய் வறுக்கிற மாதிரி இருக்கிறது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னால் அவளை ஒரு நாள் பாட வைக்க முடிந்ததா? இவன் ஒரு மஞ்சள் நட்சத்திரத்தை வைத்துச் சாதித்துவிட்டான்.

ஜூலை 28, திங்கள்

கடையில் வியாபாரம் மந்தம். வீட்டில் அவன் பெயர் நான்கு தடவை. எண்ணினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

நோம்பிச் சாப்பாடு. எனக்குப் பிடிக்கும் என்று ஒப்புட்டு சுட்டாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்று, பூரணம் கிளறி, தட்டி, நெய் விட்டுத் திருப்பி, ஒரு விள்ளல் வாயில் போடவில்லை. இனிப்புச் சரியாக இருக்கிறதா என்று என்னைத்தான் ருசி பார்க்கச் சொன்னாள். அவளுக்குச் சுண்டலும் பொரியலும்.

இலையில் வேண்டாம், தட்டிலேயே போடு என்றேன். மூன்று ஒப்புட்டு, மேலே நெய், அரிசியும் பருப்பும், வடை, அப்பளம், பாயசம். வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஒப்புட்டு கொடுக்கப் போனாள். அவள் போன் மேஜை மேல் கிடந்தது.

கை தானாகப் போயிற்று என்று எழுதினால் அது பொய். யோசித்துத்தான் செய்தேன். என் தட்டைப் போட்டோ பிடித்து அவள் பெயரிலேயே குழுவில் போட்டேன். அந்த வெண்ணெய் அவளை ஒரு தடவை திட்டட்டும். ஒரே ஒரு தடவை. சூப்பருங்க்காவுக்குப் பதிலாக வேறு ஏதாவது சொல்லட்டும். அதற்குமேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அவள் திரும்பி வந்து போனை எடுத்தாள். பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து சிறிது நேரம் நின்றாள். பிறகு போனோடு உள் அறைக்குப் போய்விட்டாள். யாரோ போனில் கூப்பிட்டார்கள், பேசுவது கேட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

குழுவிலிருந்து வசந்தாவை எடுத்துவிட்டார்கள்.

எடுப்பதற்கு முன் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். "நட்சத்திரம் வாங்கின அக்காவே இப்படியா?" "இத்தனை நாளா நம்மளை ஏமாத்தினாங்களா?" சம்பந்தியம்மா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அது இன்னும் மோசம்.

வசந்தா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஏதோ கை பட்டுப் படம் போயிருக்கும் என்று நினைத்திருப்பாள். போனில் இப்படியெல்லாம் நடப்பதுதானே.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ராத்திரி அவளே பரிமாறினாள். பக்கத்தில் நின்று ரசம் ஊற்றினாள், மோர் கொடுத்தாள். ஹாட்பாக்ஸ் பரண்மேல் ஏறிவிட்டது. வீடு வீடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டு எழுந்து பேப்பர் பார்த்தேன். அவள் சமையலறையில் நின்றபடியே ஏதோ சாப்பிட்டாள். போன் ‘டிங்’ என்று ஒரு தடவையும் அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பாட்டு நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

துணி காயப்போடப் போனவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துக் கிடந்தது. மாத்திரை போட்டும் ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தோம், இருநூற்று நாற்பது. ஜூலையில் நூற்று முப்பதுக்கு வந்திருந்தது.

கீர்த்தனா போனில் கத்தினாள். "ஏம்மா குரூப்பை விட்டு வந்தே? மறுபடி வெறும் சோத்தைத் திங்கறயா?"

"புடிக்கல சாமி" என்றாள் வசந்தா.

பிறகு போனை என்னிடம் கொடுத்தாள். "அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்கப்பா. அடுத்த மாசம் டெஸ்ட். எட்டுக்குக் கீழ வல்லீன்னா ஆப்பரேசன் இல்ல. அம்மா இப்படியே ரத்தம் போயிட்டே இருந்தா என்னங்கப்பா ஆகறது?"

சொல்றேன் கண்ணு என்றேன். என்னத்தைச் சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த டைரியில் இதுவரை மழையையும் வியாபாரத்தையும் எழுதியிருக்கிறேன், பயமாக இருக்கிறது என்று எழுதியதில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

சரக்கு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஈரோடு போனேன். நவநீதனின் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில். முப்பது வயசு இருக்கும். லேசாகத் தொப்பை இருந்தது. அந்த நிலைமையிலும் எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

வசந்தாமணி வீட்டுக்காரர் என்றதும் எழுந்தே நின்றுவிட்டான். "வாங்ணா, உக்காருங்ணா. அக்கா எப்படி இருக்காங்க?" அதுதான் அவன் முதல் கேள்வி.

உட்காராமலேயே சொன்னேன். "தம்பி, அந்த ஒப்புட்டுப் போட்டோ அவ அனுப்புனதில்ல. நாந்தான் அனுப்புனேன். அது என்ற தட்டு."

"தெரியுமுங்ணா."

"அவ சொன்னாளா?"

"இல்லீங்ணா, பாத்ததுமே தெரிஞ்சுது. அந்தத் தட்டுல எல்லாமே முழுசா இருந்துச்சு. அக்கா தட்டுல முழுசா ஒண்ணுமே இருக்காதுங்ணா. தோசைன்னா பிஞ்சது, முட்டைன்னா ஒடஞ்சது, பொரியல்னா சட்டியில ஒட்டுனது. நல்லதெல்லாம் வேற தட்டுக்குப் போயிருமாட்ட இருக்குதுங்க்கான்னு நானே கேலி பண்ணியிருக்கேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னைக்கே போன் பண்ணிக் கேட்டனுங்ணா. இது உங்க தட்டு இல்லையேங்க்கா, தப்பா வந்துருச்சான்னு. அக்கா ஒரே புடியா, ‘என்ற தட்டுதான் தம்பி, நாந்தான் தின்னேன்’னுட்டாங்க. எத்தனையோ தடவை கேட்டுப் பாத்தேன். அவங்களே அப்படிச் சொன்னதுக்கப்பறம் சட்டப்படி எடுக்கத்தானுங்ணா வேணும்."

அவன் மேல் கோபப்பட வழியில்லாமல் போயிற்று. அதுவே ஒரு பெரிய கோபமாக நெஞ்சில் நின்றது. எங்கேயோ ஒரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் என் பெண்டாட்டியின் தட்டை அடையாளம் சொல்கிறான்! என்னைக் கேட்டால் அது எவர்சில்வர் தட்டு என்று சொல்வேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். இன்றைக்கே சேர்க்கிறேன் என்றான். "ஆனா அக்காகிட்ட நீங்களே சொல்லீருங்ணா. நாஞ் சொன்னா நல்லா இருக்காது." கீழே இறங்கும்போது, "மோர் குடிச்சுட்டுப் போங்ணா" என்றான். வேண்டாம் என்றேன். நல்ல வெயில், குடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வசந்தா, நான் சரக்கெடுக்கப் போகல. அந்தத் தம்பியப் பாக்கப் போனேன்."

"தெரியுமுங்க. நீங்க வந்துட்டுப் போனீங்கன்னு மட்டும் அந்தத் தம்பி போன்ல சொல்லுச்சு."

"அந்தப் போட்டோ நான் அனுப்புனதுன்னு அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"உங்க தட்டு எனக்குத் தெரியாதுங்களா? நாந்தான அதுல போட்டேன்."

"அப்பறம் எதுக்கு உன்றதுன்னு சொன்னே?"

களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள். "நூத்தம்பது பேரு பாக்கற எடம். சம்பந்தியம்மா இருக்கறாங்க. என்ற வீட்டுக்காரர் இப்படிப் பண்ணிப்போட்டாருன்னு அதுல எழுதச் சொல்றீங்களா? நாளைக்கு அந்த வீட்டுல கீர்த்தனா எந்த மூஞ்சிய வெச்சுட்டு நடமாடுவா?"

"என்னையாவது திட்டியிருக்கலாமே புள்ள."

"திட்டறக்குத்தான் வந்தேன். நீங்க ரெண்டாவது ஒப்புட்டு சாப்புட்டுட்டு இருந்தீங்க. சரி, சாப்புட்டு முடிக்கட்டும்னு போயிட்டேன். அப்பறம் திட்டத் தெம்பில்ல."

அவள் பாத்திரத்தை ‘டங்’ என்று மேடையில் வைத்தாள். அவள் அப்படி வைத்து நான் பார்த்ததேயில்லை.

"அந்தத் தம்பி என்ன கேட்டுச்சு? சாப்புட்டீங்களா, என்ன சாப்புட்டீங்கன்னு கேட்டுச்சு. அதுக்கா இத்தனை? ரத்தமா ஊத்தி நான் படியில உக்காந்து கெடந்தேன். என்ற உசுருல வெளையாண்டுட்டீங்க."

"பொறாமை" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. "நீ அவனுக்குப் பதில் போடறப்ப சிரிக்கற. எனக்குப் பொறாமை."

அவள் மறுபடி அரிசியில் தண்ணீர் பிடித்தாள்.

செப்டம்பர் 13, சனி

டெஸ்ட் வந்துவிட்டது. எட்டு புள்ளி இரண்டு.

"நல்லாக் கொறஞ்சுட்டு வந்துச்சே, நடுவுல என்ன ஆச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார். வசந்தா, "நோம்பி வந்துச்சுங்க டாக்டர்" என்றாள். நான் வாயைத் திறந்தேன், அவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இரும்புச்சத்துக்கு ஊசி போட்டார்கள், நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அந்த மூன்றும் என் கணக்குத்தான்.

செப்டம்பர் 17, புதன்

ஆறு மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வந்தேன். "ஈஸ்வரமூர்த்தி கடையில ஆறு மணிக்கு ஷட்டரா? தோட்டத்துல மோட்டார் எரிஞ்சா ராத்திரி எங்க போறது?" என்று ஒரு விவசாயி வருத்தப்பட்டார். பக்கத்துத் தெருக் கடையைக் காட்டிவிட்டு வந்தேன்.

வசந்தா தட்டோடு உட்காரப் போனாள். கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன். பரிமாறுவது அவ்வளவு லேசு இல்லை. பொரியல் பாதித் தட்டு வரும்படி போட வேண்டும், சோறு கைப்பிடிக்கு மேல் கூடாது. பொரித்த முட்டை இரண்டு இருந்தது, ஒன்று உடைந்தது. முழுசை அவள் தட்டில் வைத்தேன். ஏதோ எடுப்பதற்கு நான் திரும்பிய நேரத்தில் அதை என் தட்டுக்கு மாற்றிவிட்டாள். பழக்கதோஷம். மறுபடி மாற்றினேன். "அட, வெளையாடாதீங்க" என்று சலித்துக்கொண்டாள்.

பிறகு போட்டோ எடுத்தாள். என் நிழல் விழாமல் ஒதுங்கி நின்றேன். டிங். "முழு முட்டை! என்னங்க்கா அதிசயம்?" அவள் சிரித்தாள். எனக்கு எரிந்தது. எரிச்சல் அப்படியே ஒரே நாளில் போய்விடுமா என்ன?

செப்டம்பர் 29, திங்கள்

வசந்தாவுக்குச் சுரைக்காய் பிடிக்காது. இருபத்தாறு வருஷமாக வாரம் இரண்டு நாள் நான் வாங்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

ஏழு புள்ளி ஏழு! டாக்டரம்மா கை கொடுத்தார். தீபாவளி முடிந்து இருபத்து நான்காம் தேதி ஆப்பரேஷன். நவநீதன் குழுவில் பட்டாசுப் படமாக அனுப்பித் தள்ளிவிட்டான். சம்பந்தியம்மாவும் பூங்கொத்து அனுப்பினார். எனக்கு யாரும் ஒன்றும் அனுப்பவில்லை. நான் என்ன, எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

விடிந்தால் ஆப்பரேஷன். ஆறரைக்குச் சாப்பிட்டால் அவ்வளவுதான், நடுராத்திரிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கீர்த்தனா காலையில் நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். பையில் துணி, பிளாஸ்க், ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

இன்று நானே சமைத்தேன். கொள்ளுப் பருப்பு கொஞ்சம் அடி பிடித்துவிட்டது, அதை எனக்கு எடுத்துக்கொண்டு மேலாக இருந்ததை அவளுக்கு வைத்தேன். அவரைக்காய்ப் பொரியல், முட்டை, ஒரு கரண்டி சோறு. தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, போட்டோவுக்கு வெளிச்சம் மறைக்காமல் வழக்கம்போல ஒதுங்கி நின்றேன்.

அவள் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

போன் ‘டிங்’ என்றது. நவநீதன்தான். "அக்கா, நாளைக்கு நல்லபடியா நடக்கும். இன்னைக்குத் தட்டு எங்க, காணமே?" நான் எடுத்துப் படித்துக் காட்டினேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள்.

"இன்னும் அனுப்பலையா?" என்றேன்.

"எதுக்குங்க?" என்றாள். "நீங்கதான் பாத்துட்டு இருக்கீங்களே."

நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.